பராமரிப்பு யார் கையில்? – வாசகர் கேள்வி பதில்

நகர நிலப் பேணல், மருத்துவப் படங்களின் பாதுகாப்பு, மூளையில் பொருத்தும் கருவிகள் ஆகிய மூன்று ஆய்வுத் துறைகளைப் பற்றிச் சென்ற இதழில் சுருக்கமாக எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டுச் சேலத்திலிருந்தும் சேர்வராயன் மலையிலிருந்தும் எழுதியவர்கள் பெரும்பாலும், இவையெல்லாம் வந்து சேர்ந்த பிறகு கவனித்துக்கொள்வது யார் என்றே கேட்டிருக்கிறார்கள். பெயர் வெளியிடப் பலரும் விரும்பாததால் ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் மூக்கனேரியை 2010ஆம் ஆண்டில் மக்களே முன்னின்று சீரமைத்தார்கள். தூர்வாரிய மண்ணைக் குவித்துத் திட்டுகள் அமைத்து மரம் வைத்தார்கள், பறவைகளும் வந்தன. ஆனால் ஏரி அரசுக்குச் சொந்தம், கரையில் நடப்பவர்கள் மட்டும் நாங்கள். நீங்கள் எழுதிய ஆய்வுகள் எங்களைப் போன்றவர்களை எந்த இடத்தில் வைக்கின்றன?
– வாசகர், கன்னங்குறிச்சி

பதில்: உடைமையும் பொறுப்பும் ஒன்றல்ல என்பதிலிருந்துதான் அந்த ஆய்வுகள் தொடங்குகின்றன. பதிவேட்டின்படி ஏரி நீர்நிலைப் புறம்போக்கு. அதற்கு யார் பெயரிலும் பட்டா இருக்க முடியாது. ஆனால் உபரிநீர் வழியும் கலங்கலில் ஆகாயத்தாமரை வந்து அடைத்துக்கொண்டாலோ, வரத்து வாய்க்காலில் யாரோ இரவோடிரவாகக் கட்டட இடிபாட்டைக் கொட்டிவிட்டுப் போனாலோ, அதை முதலில் பார்ப்பவர் காலையில் கரையில் நடக்கும் நீங்கள்தான். இப்படிச் சட்டப்படி உடையவராக இல்லாமலே ஓர் இடத்தைக் கவனித்து வருபவர்கள் ஒரு நகரத்தில் யார் யார், எந்தெந்த இடத்தைப் பார்த்துக்கொள்கிறார்கள், அவர்களுக்குள்ளும் அரசுத் துறைகளோடும் என்ன தொடர்பு இருக்கிறது என்று வரைபடமாக்கும் பணியை அமெரிக்க வனத்துறை 2007இல் நியூயார்க்கில் தொடங்கியது. ‘ஸ்டூ-மேப்’ என்று பெயர் பெற்ற அந்த முறை பிறகு வேறு பல நகரங்களுக்கும் பரவியது.

இதற்குப் பின்னால் ஒரு பழைய விவாதம் இருக்கிறது. பொதுவில் கிடக்கும் மேய்ச்சல் நிலம் கடைசியில் பாழாகத்தான் போகும் என்று 1968இல் அமெரிக்கச் சூழலியலாளர் காரெட் ஹார்டின் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார். அரசே எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் தனியாருக்குப் பிரித்துக் கொடுத்துவிட வேண்டும் என்ற முடிவுக்கே அந்தக் கட்டுரையைப் படித்த பலர் வந்தார்கள். இதற்கு மாறாக, சுவிட்சர்லாந்தின் மேய்ச்சல் நிலங்களையும் ஸ்பெயினின் பாசன வாய்க்கால்களையும் நுணுகி ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் எலினோர் ஆஸ்ட்ரம், எல்லை தெளிவாக இருந்து, விதிகளைப் பயன்படுத்துவோரே வகுத்து, மீறுபவரைக் கண்காணிக்க அவர்களுக்குள்ளேயே ஆள் இருந்து, தண்டனையும் சிறிதில் தொடங்கிப் படிப்படியாகக் கூடும் இடங்களில் பொதுச்சொத்து நூற்றாண்டுக் கணக்கில் நிலைத்திருப்பதைக் காட்டினார். 2009இல் அவருக்குப் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. பெங்களூரு ஏரிகளைப் பற்றி ஹரிணி நாகேந்திராவுடன் சேர்ந்து அவர் செய்த ஆய்வு 2014இல், அவர் மறைந்த பிறகு, வெளிவந்தது.

தமிழர்களுக்கு இது புதிதன்று. உத்திரமேரூர்க் கல்வெட்டில், முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளின் ஏற்பாட்டில், ஏரி வாரியம் தனியாகவே இருக்கிறது. கணக்குக் காட்டாதவர் மீண்டும் வாரியத்தில் இடம்பெற முடியாது என்ற விதியும் இருக்கிறது. ஆயினும் அந்தப் பெருமையைச் சொல்லிவிட்டு நின்றுவிட்டால் உங்கள் கேள்விக்குப் பதில் ஆகாது. ஏரிக்கு ஆயக்கட்டு, அதாவது அதன் நீர் பாயும் வயல்கள், இருந்தவரை மதகைத் திறப்பதற்கும் மடை மாற்றுவதற்கும் நீர்க்கட்டி என்ற ஊர்ப் பணியாளர் இருந்தார், அவருக்கு நெல் அளந்தார்கள், தண்ணீர் வராவிட்டால் வயல் காயும் என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. சேலத்தைச் சுற்றியுள்ள பல ஏரிகளின் ஆயக்கட்டு வீட்டுமனையான பிறகு, ஏரி கெட்டால் உடனே நட்டப்படுபவர் எவரும் இல்லை. ஆழ்துளைக் கிணற்றில் நீர்மட்டம் இறங்குவதற்கும் ஏரிக்கும் உள்ள தொடர்பை மனைக்காரர் கண்ணால் பார்ப்பதில்லை. ஆகவே ஒரு முறை கூடித் தூர்வாருவது நடந்துவிடுகிறது. அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் கரையில் முளைக்கும் வேலிக்கருவையை வெட்டுவதற்குத்தான் ஆள் கிடைப்பதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நகரங்களில் ஏரிச் சீரமைப்பு என்ற பெயரில் ஒதுக்கப்படும் பணத்தில் நடைபாதைக்கும் அலங்கார விளக்குக்கும் இருக்கைக்கும் போகும் பங்கைப் பார்த்தால், ஏரியைவிடத் திறப்புவிழாக் கல்வெட்டின்மேல் நமக்கு அக்கறை அதிகமோ என்று தோன்றுகிறது. கரையை உள்பக்கம் செங்குத்தாகக் கான்கிரீட் பூசிவிட்டால் ஓரத்தில் ஆழமற்ற நீர் இருக்காது; ஆழமற்ற நீர் இல்லாவிட்டால் கோரை இல்லை, கொக்குக்கு நிற்க இடமும் இல்லை. உங்கள் ஏரியின் மண்திட்டுகள் பயன் தந்ததற்கு ஒரு காரணம், அவற்றின் சரிவான ஓரங்கள்.

நீங்கள் உடனே செய்யக்கூடியது, காகிதத்தில் ஏரியின் எல்லையை அறிந்துகொள்வது. ‘அ’ பதிவேட்டின் நகலையும் புலப்பட வரைபடத்தையும் வருவாய்த்துறையின் இணையச் சேவையிலேயே சர்வே எண்ணைக் கொடுத்துப் பெறலாம். ஏரியை மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிடாதீர்கள்; மலையடிவாரத்திலிருந்து வரும் வரத்து வாய்க்காலுக்கும், உபரிநீர் போகும் வாய்க்காலுக்கும் தனித்தனிச் சர்வே எண்கள் இருக்கும், ஆக்கிரமிப்பு பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். தமிழ்நாட்டில் ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007இல் தனிச் சட்டம் வந்தது. அது பொதுப்பணித்துறையின் (இப்போது நீர்வளத்துறையின்) கட்டுப்பாட்டில் உள்ள ஏரிகளுக்கு உரியது என்பதால், உங்கள் ஏரி எந்தத் துறையின் பொறுப்பில் இருக்கிறது என்பதை முதலில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நீர்நிலை ஆக்கிரமிப்பு தொடர்பாக எந்த அலுவலகத்துக்கு மனு எழுதினாலும், 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பைக் குறிப்பிடுங்கள். குளத்தை ஆக்கிரமித்தவர் அதில் வீடு கட்டிப் பணம் செலவழித்துவிட்டார் என்பதற்காக அதை முறைப்படுத்த முடியாது என்று அந்தத் தீர்ப்பு கூறுகிறது.

கேள்வி: மனை விலை இப்படி ஏறிக்கொண்டே போனால் தறி ஓட்டுபவர்களும் வெள்ளிப் பட்டறையில் வேலை செய்பவர்களும் நகரத்துக்குள் குடியிருக்க முடியாது. நிலத்தைப் பொதுவில் வைத்து, வீட்டை மட்டும் குடியிருப்பவருக்குத் தரும் ஏற்பாடு வெளிநாட்டில் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். நம் ஊருக்கு ஒத்துவருமா?
– வாசகி, அழகாபுரம்

பதில்: வெளிநாட்டு ஏற்பாடு என்று சொன்னாலும் அதன் வேர் ஒன்று இங்கேதான் இருக்கிறது. 1951 ஏப்ரலில் போச்சம்பள்ளியில் வினோபா பாவே தொடங்கிய பூதான இயக்கம் பின்னர் கிராமதானமாக விரிந்தது. நிலத்தைத் தனி ஆளுக்குக் கொடுத்தால் கடன் நெருக்கடியில் மீண்டும் கைமாறிவிடுகிறது என்பதால், ஊரின் பெயரிலேயே வைத்துக்கொள்வது என்பது அதன் கருத்து. அதைக் கேட்டும் பார்த்தும் அறிந்தவர்கள், அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 1969இல் கறுப்பின விவசாயிகளுக்காக ‘நியூ கம்யூனிட்டீஸ்’ என்ற நில அறக்கட்டளையை அமைத்தார்கள். அந்த நிலம் 1980களில் கடனில் போய்விட்டது. ஆனால் முறை மட்டும் நகரங்களுக்குப் பரவிற்று. நிலம் அறக்கட்டளைக்கு, பெரும்பாலும் 99 ஆண்டுக் குத்தகையில், வீடு குடியிருப்பவருக்கு, விற்கும்போது வாங்கிய விலைக்குமேல் குறிப்பிட்ட அளவுதான் ஏற்றலாம். பாஸ்டன் நகரின் டட்லி தெரு மக்கள் அமைப்பு, வெற்று மனைகளைக் கட்டாயமாகக் கையகப்படுத்தும் அதிகாரத்தையே 1988இல் பெற்றது.

நம் ஊரில் இதற்கென்று தனிச் சட்டம் இல்லாவிட்டாலும் அறக்கட்டளையோ கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கமோ இருக்கத்தான் செய்கின்றன. தடையாக நிற்பது குத்தகை வீட்டின்மேல் வங்கிக் கடன் வாங்குவதில் உள்ள சிக்கலும், ‘மனை என் பெயரில் இல்லையென்றால் வீடு எதற்கு’ என்ற நம் மனப்பாங்கும்தான். பின்னதைக் குறை சொல்லவும் முடியாது. பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் அடகு வைக்க ஏழைக்கு இருப்பது அந்தப் பத்திரம் ஒன்றுதானே.

கேள்வி: நான் பொறியியல் இறுதியாண்டு மாணவன். கேயாஸ் கணக்கை (தொடக்க எண் சற்றே மாறினாலும் விடை பெரிதும் மாறும் கணக்கை)க் கொண்டு எம்.ஆர்.ஐ. படத்தைக் குறியாக்கம் செய்வதை புராஜெக்டாக எடுத்திருக்கிறேன். என்.பி.சி.ஆர். 99.6 விழுக்காடு வருகிறது. மருத்துவமனையில் இதைப் பயன்படுத்த முடியுமா?
– மாணவர், சேலம்

பதில்: உங்கள் உழைப்பைக் குறைத்துச் சொல்வதாக எண்ண வேண்டாம், தமிழ்நாட்டுக் கல்லூரிகளிலிருந்து இந்தத் தலைப்பில் வரும் கட்டுரைகளுக்கு எல்லையே இல்லை என்பதால், சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

மூலப்படத்தில் ஒரே ஒரு புள்ளியை மாற்றினால் குறியாக்கப்பட்ட படத்தில் எத்தனை புள்ளிகள் மாறுகின்றன என்பதைத்தான் நீங்கள் சொல்லும் அளவு காட்டுகிறது. 8 பிட் படத்தில் 99.6 விழுக்காடு வந்தால், இரண்டு படங்களும் ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரைச்சலைப் போலத் தோன்றுகின்றன என்று பொருள். தோற்றம் இரைச்சலாக இருப்பது தேவைதான். ஆனால் அது போதாது. இவ்வகை முறைகளின் அடிப்படை வடிவத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம்: புள்ளிகளை இடம் மாற்றிவிட்டு, லாஜிஸ்டிக் மேப் என்ற எளிய கேயாஸ் சமன்பாடு தரும் எண்வரிசையோடு எக்ஸ்-ஆர் (இரு பிட்டுகள் வேறுபட்டால் 1, ஒன்றானால் 0 தரும் கணக்கு) செய்வது. அந்த வரிசை படத்தைப் பொறுத்து மாறாமல் திறவுகோலை மட்டுமே சார்ந்ததாக இருந்தால், உடைக்க நினைப்பவர் முழுக்கக் கறுப்பான ஒரு படத்தை அந்த நிரலுக்குக் கொடுத்தால் போதும். சுழியங்களை எப்படி இடம் மாற்றினாலும் சுழியம்தான். சுழியத்தோடு எக்ஸ்-ஆர் செய்தால் வெளியே வருவது அந்த இரகசிய எண்வரிசையேதான். சி.டி. படத்தை எடுத்துப் பாருங்கள்: உடலைச் சுற்றி வட்டத்துக்கு வெளியே நான்கு மூலைகளிலும் ஒரே மதிப்பு நிரப்பப்பட்டிருக்கும். உடைப்பவருக்கு வேண்டிய தகவலை மருத்துவப் படம் தன் மூலைகளிலேயே வைத்திருக்கிறது. இது போதாதென்று, தசம எண்களைக் கணினி குறிப்பிட்ட துல்லியத்தில்தான் வைத்திருக்கும் என்பதால் கேயாஸ் வரிசை எதிர்பார்த்ததைவிட விரைவில் திரும்பத் தொடங்கலாம். ஒரு கணினியில் பூட்டியதை வேறு கணினியில் திறக்கும்போது கடைசி இலக்கத்தில் வேறுபட்டு, படம் பாழாகவும் கூடும்.

முறை வெளியே தெரிந்தாலும் திறவுகோல் மட்டும் இரகசியமாக இருந்தால் போதும் என்ற அளவில் குறியாக்கம் அமைய வேண்டும் என்பதை அகஸ்ட் கெர்க்காஃப்ஸ் 1883இலேயே எழுதிவிட்டார். அந்த நெறியில், உலகத்தின் ஆய்வாளர்கள் அனைவரையும் உடைத்துப் பார்க்கச் சொல்லித் தேர்ந்தெடுக்கப்பட்டு 2001இல் தரமாக அறிவிக்கப்பட்டது ஏ.இ.எஸ். என்ற குறியாக்க முறை. இன்றைய பெரும்பாலான கணினிச் சில்லுகளுக்குள் அதற்கென்றே கட்டளைகள் பொதிந்திருக்கின்றன. 512-க்கு 512 அளவுள்ள ஒரு சி.டி. வெட்டுப்படம், புள்ளிக்கு இரண்டு பைட் வீதம், 5,24,288 பைட். அதைச் சாதாரணக் கணினி ஒரு மில்லிவினாடி அளவில் ஏ.இ.எஸ். கொண்டு பூட்டிவிடும். ஆக, ‘மருத்துவப் படம் பெரியது, ஆகவே வேகமான புது முறை வேண்டும்’ என்று முன்னுரையில் எழுதும் வாக்கியத்துக்கு இன்று அடிப்படை இல்லை.

மருத்துவமனையில் குறைவது வேறு. புதுப் பூட்டாகச் செய்து செய்து சாவியை நிலைப்படிமேல் வைப்பதில் என்ன பயன்? இரவு இரண்டு மணிக்கு விபத்தில் அடிபட்டவரைக் கொண்டுவரும்போது படத்தைத் திறக்கும் திறவுகோல் யாரிடம் இருக்கும், பணிமாறிப் போன டெக்னீஷியனின் உரிமையை யார் நீக்குவார், பத்தாண்டு கழித்துப் பழைய படத்தோடு ஒப்பிட வேண்டுமென்றால் அன்றைய திறவுகோல் எங்கே கிடைக்கும் என்பன விடை காணாத கேள்விகள். மேலும் டைகாம் என்ற பொதுவடிவக் கோப்பில் படப்புள்ளிகள் ஒரு பகுதிதான். நோயாளியின் பெயர், பிறந்த தேதி, அடையாள எண், எடுத்த இடம் எல்லாம் தலைப்பகுதியில் இருக்கும். புள்ளிகளை மட்டும் பூட்டும் புராஜெக்ட், உறைக்குள் இருக்கும் கடிதத்தை மறைத்துவிட்டு முகவரியை உரக்கப் படிக்கிறது.

இரகசியம் ஒரு புறம் இருக்க, படம் திருத்தப்படாமல் இருக்கிறதா என்பது அதைவிடப் பெரிய கவலை. இஸ்ரேலின் பென்-குரியன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல், செயற்கை நுண்ணறிவைக் கொண்டு நுரையீரல் சி.டி. படத்தில் இல்லாத புற்றுக் கட்டியைச் சேர்க்கவும் இருக்கும் கட்டியை அழிக்கவும் முடியும் என்று செய்து காட்டினார்கள். அனுபவமிக்க மூன்று கதிரியல் மருத்துவர்களிடம் காட்டியபோது, சேர்க்கப்பட்டவற்றில் 99 விழுக்காட்டை உண்மையான புற்று என்றார்கள்; அழிக்கப்பட்டவற்றில் 94 விழுக்காட்டை நோயில்லை என்றார்கள். படங்களில் சில திருத்தப்பட்டவை என்று முன்கூட்டியே சொன்ன பிறகும் பெருமளவில் ஏமாந்தார்கள். ஒரு மருத்துவமனையின் இசைவோடு, ஸ்கேன் இயந்திரத்துக்கும் வலைப்பின்னலுக்கும் இடையில் ஒரு சிறு கணினியை மாட்டிப் படங்களை இடைமறிக்கவும் அவர்களால் முடிந்தது. இதைத் தடுக்கக்கூடிய டிஜிட்டல் கையொப்பமும் பாதுகாப்பான அனுப்பும் முறையும் டைகாம் தரத்திலேயே இருக்கின்றன. பல இடங்களில் யாரும் அவற்றை முடுக்கிவிடுவதில்லை, அவ்வளவுதான்.

எனவே என் யோசனை: ஆர்தங்க் என்ற திறமூல டைகாம் சர்வரை உங்கள் கல்லூரி ஆய்வகத்தில் நிறுவுங்கள். ஸ்கேன் இயந்திரத்திலிருந்து கோப்பு புறப்படும்போதே கையொப்பமிட்டு, மருத்துவர் திரையில் திறக்கும்போது சரிபார்க்கும் ஒரு சிறு நிரலைப் பைதானில் எழுதுங்கள். ஐந்நூறு வெட்டுப்படங்களுக்கு எவ்வளவு நேரம் கூடுகிறது, வலைப்பின்னல் அறுந்தால் என்ன ஆகிறது, சரிபார்ப்புத் தோற்றால் மருத்துவருக்கு எப்படிச் சொல்வது என்று அளந்து எழுதுங்கள். புள்ளிகளின் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடம் இல்லாத அறிக்கை மெலிந்து தோன்றும். வழிகாட்டி ஒப்புவாரா என்பது உங்கள் சாமர்த்தியம்.

கேள்வி: அப்பாவுக்கு எடுத்த தலை ஸ்கேனை சென்டரில் வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். நான் அதை அப்படியே குடும்பக் குழுவில் போட்டு, கோவையில் இருக்கும் டாக்டர் சித்தப்பாவைப் பார்க்கச் சொன்னேன். தவறா?
– வாசகி, அஸ்தம்பட்டி

பதில்: அவசரத்துக்குச் செய்ததில் குற்றமில்லை, ஆனால் சித்தப்பாவால் அதை வைத்து உறுதியாக எதுவும் சொல்ல முடிந்திருக்காது. சி.டி. படத்தில் ஒவ்வொரு புள்ளியும் பொதுவாக 4,096 நிலைகளில் ஒன்றாகப் பதிவாகிறது. காற்றுக்கு -1000, தண்ணீருக்கு 0 என்று தொடங்கும் ஓர் அளவுகோல் அது. மருத்துவர் திரையில் எலும்புக்கு ஒரு விதமாகவும் மூளைக்கு ஒரு விதமாகவும் அந்த அளவுகோலை நகர்த்தி நகர்த்திப் பார்ப்பார். கைப்பேசிக்கு வரும் ஜேபெக் படத்தில் எஞ்சுவது 256 நிலைகள் மட்டும். நகர்த்த எதுவும் இல்லை. அடுத்த முறை குறுந்தகடாகவோ இணைய இணைப்பாகவோ முழு டைகாம் கோப்புகளைக் கேட்டு வாங்குங்கள். கேட்பது நோயாளியின் உரிமை. இதற்காகத் தயங்க வேண்டியதில்லை.

இணைப்பாகத் தந்தால் அது எத்தனை நாளில் காலாவதியாகும், கடவுச்சொல் உண்டா என்று கேளுங்கள். நோயாளியின் கைப்பேசி எண்ணே கடவுச்சொல் என்றால் அது கடவுச்சொல் அன்று. 2019இல் ஜெர்மனியின் கிரீன்போன் நிறுவனம், கடவுச்சொல் எதுவும் கேட்காமலே இணையத்தில் திறந்துகிடந்த படக் காப்பகங்களை உலகெங்கும் தேடியபோது, 52 நாடுகளில் ஏறத்தாழ 2.4 கோடி நோயாளிப் பதிவுகள் அகப்பட்டன. அந்த நாடுகளில் இந்தியாவும் ஒன்று. ஹேக்கர்கள் எவரும் உடைத்து நுழையவில்லை. பொருத்திக் கொடுத்தவர்கள் பூட்டாமல் போயிருந்தார்கள்.

பெயரை அழித்துவிட்டால் போதும் என்று நினைப்பவர்களுக்கும் ஒரு செய்தி. அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் 2019இல், பெயர் நீக்கிய தலை எம்.ஆர்.ஐ. படங்களிலிருந்து முகத்தோற்றத்தை மீட்டெடுத்து, சாதாரணமாகக் கிடைக்கும் முக அடையாள மென்பொருளில் கொடுத்தார்கள். 84 தன்னார்வலர்களில் 70 பேரை அது சரியாக இனம் கண்டது. குடும்பக் குழுவில் போட்ட ஒற்றைப் படத்திலிருந்து இப்படிச் செய்ய முடியாது. முழுத் தொகுப்பையும் ஆராய்ச்சிக்குக் கேட்டுக் கையெழுத்து வாங்கும்போது, முகப்பகுதியை நீக்கிவிட்டுத் தருவீர்களா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

கேள்வி: மூளையில் சிப் வைத்தால் நாம் நினைப்பதெல்லாம் கம்ப்யூட்டருக்குத் தெரிந்துவிடுமாமே?
– வாசகர், ஓமலூர்

பதில்: தெரியாது, இப்போதைக்கு. பேச்சிழந்தவர்களின் மூளையின் மேலடுக்கில் மின்முனைகளை வைத்து, அவர்கள் பேச முயலும்போது எழும் குறிகளைச் சொற்களாக்கும் ஆய்வுகள் இரண்டு 2023 ஆகஸ்டில் வெளிவந்தன. ஸ்டான்போர்டில் நிமிடத்துக்கு 62 சொற்கள், சான்பிரான்சிஸ்கோவில் 78 சொற்கள். இரண்டிலும் அவரவர் மூளைக்கேற்பக் கணினியை நாள்கணக்கில் பழக்க வேண்டியிருந்தது. பேசுபவர் மனம் வைத்து முயலவும் வேண்டும். 2025இல் ஸ்டான்போர்ட் குழுவே, வாய்திறக்க முயலாமல் மனத்துக்குள் சொல்லிக்கொள்வதையும் ஓரளவு படிக்க முடிவதைக் கண்டு, நோயாளி மனத்துக்குள் ஒரு கடவுச்சொல்லை நினைத்தால்தான் கருவி கேட்கத் தொடங்கும் என்ற ஏற்பாட்டையும் சேர்த்தே வெளியிட்டது. சிலி நாடு 2021இலேயே மூளைச் செயல்பாட்டையும் அதிலிருந்து கிடைக்கும் தகவலையும் காக்கும் திருத்தத்தை அரசியலமைப்பில் கொண்டுவந்துவிட்டது. சந்தேகப்படுவதில் ஓமலூர் தனியாக இல்லை.

கேள்வி: அப்பாவுக்குப் பத்தாண்டாகப் பார்க்கின்சன். மாத்திரை வேலை செய்யும் நேரம் குறைந்துகொண்டே வருகிறது. டி.பி.எஸ். என்ற, மூளையின் ஆழத்தில் மின்தூண்டல் தரும் கருவியைப் பொருத்தும் அறுவை செய்யலாம் என்கிறார் நரம்பியல் மருத்துவர். வெளியிலிருந்து யாராவது அதை இயக்கிவிட முடியுமா, கம்பெனி மூடிவிட்டால் என்ன செய்வது என்று அம்மா பயப்படுகிறார்.
– வாசகர், செவ்வாய்ப்பேட்டை

பதில்: செய்யலாமா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும், அம்மாவின் இரண்டு பயங்களுக்கும் என்னால் இயன்றதைச் சொல்கிறேன்.

பிரான்சின் கிரனோபிளில் 1987இல் அலிம்-லூயி பெனாபித் தொடங்கிவைத்த முறை இது. ஏறத்தாழ 1.3 மில்லிமீட்டர் கனமுள்ள மின்முனைக் கம்பியை மூளையின் ஆழத்தில் உள்ள சிறு உட்கருவில் நிறுத்தி, காதின் பின்புறமாகக் கழுத்துத் தோலுக்கடியில் கம்பியைக் கொண்டுவந்து, காறை எலும்புக்குக் கீழே பதித்த கருவியோடு இணைப்பார்கள். அது வினாடிக்கு 130 முறை அளவில் மிகச் சிறு மின்துடிப்பை அனுப்பிக்கொண்டே இருக்கும். நடுக்கமும் விறைப்பும் மாத்திரையின் ஏற்ற இறக்கமும் குறையும். நோய் வளர்வது நிற்காது. மாத்திரைக்கு எடுபடாத தள்ளாட்டமும் பேச்சுக் குழறலும் பொதுவாக இதற்கும் அவ்வளவாக எடுபடுவதில்லை என்பதை அறுவைக்கு முன்பே வீட்டில் எல்லோரும் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும்; பின்னால் வரும் மனக்கசப்புகளுக்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

முதல் பயத்துக்கு அடிப்படை உண்டு. 2008இல் அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதயத்தில் பதிக்கும் கருவி ஒன்றின் அமைப்புகளை ஆய்வகத்தில் கம்பியில்லா முறையில் மாற்றிக் காட்டினார்கள். 2017இல் அங்கே ஏறக்குறைய 4,65,000 பேஸ்மேக்கர்களுக்குப் பாதுகாப்புக்காக மென்பொருள் திருத்தம் செய்ய நேர்ந்தது. மூளைக்கருவியிலும் இது நடக்கலாம் என்று ஆக்ஸ்போர்டு மருத்துவர்கள் 2016இல் எச்சரித்தார்கள். ஆயினும் டி.பி.எஸ். வைத்த ஒருவர் உண்மையில் தாக்கப்பட்டதாக வெளிப்படையான பதிவு எதுவும் இல்லை. பல வகைக் கருவிகளோடு பேச அருகில் இருக்க வேண்டும் என்பதும் ஒரு காப்பு. நடைமுறையில் இதைவிட நெருங்கிய ஆபத்து ஒன்று இருக்கிறது: இடுப்பு வலி, தோள்பட்டை வலி என்று பிசியோதெரபிக்குப் போகும்போது வைக்கும் ஷார்ட்வேவ் டயதர்மி என்ற, மின்காந்த அலையால் சூடு தரும் சிகிச்சை. அந்த ஆற்றல் கம்பி வழியே ஏறி மூளைத் திசுவைச் சுட்டுவிடக்கூடும் என்பதால், டி.பி.எஸ். உள்ளவருக்கு அதை உடலின் எந்தப் பகுதியிலும் வைக்கக் கூடாது. ஹேக்கரைத் தேடும் அக்கறையில் பாதியை இதற்குச் செலவிட்டாலே போதும்.

இரண்டாவது பயம்தான் என்னையும் யோசிக்க வைக்கிறது. பார்வையிழந்தவர்களின் விழித்திரையில் ஆர்கஸ்-2 என்ற கருவியை உலகெங்கும் ஏறத்தாழ 350 பேருக்குப் பொருத்திய செகண்ட் சைட் நிறுவனம், 2019இல் அதன் தயாரிப்பை நிறுத்தி, அடுத்த ஆண்டு ஆட்களையும் அனுப்பிவிட்டது. கண்ணுக்குள் கருவி இருக்கிறது. பழுது பார்க்க ஆள் இல்லை, மாற்று உதிரி இல்லை. ஆஸ்திரேலியாவில் வலிப்பை முன்கூட்டி அறிவிக்கும் மூளைக்கருவி பொருத்திக்கொண்ட ஒரு பெண், தயாரித்த நிறுவனம் பணமின்றி நின்றபின், தமக்கு விருப்பமில்லாமலே அதை எடுத்துவிட நேர்ந்தது. கருவி தன்னில் ஒரு பகுதியாகிவிட்டது என்று அவர் ஆய்வாளர்களிடம் சொல்லியிருக்கிறார். டி.பி.எஸ். பல பெரிய நிறுவனங்கள் செய்யும் நிலைபெற்ற கருவி என்பதால் அந்த அளவுக்கு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் சேலத்திலிருந்து பார்த்தால் கவனிப்பு என்பது கம்பெனியைவிட ஊர்க்கணக்கு. அறுவை முடிந்த முதல் சில மாதங்களில் துடிப்பின் அளவைச் சரிசெய்ய அடிக்கடி போக வேண்டும். துடிப்பைச் சரிசெய்யும் புரோகிராமர் சாதனமும் அதில் பழகிய ஆளும் சேலத்திலேயே உண்டா, அல்லது ஒவ்வொரு முறையும் கோவைக்கோ சென்னைக்கோ அப்பாவைக் கூட்டிப்போக வேண்டுமா என்று கேளுங்கள். சார்ஜ் போட முடியாத வகைக்கு மூன்றிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் பேட்டரி மாற்றச் சிறு அறுவை வேண்டியிருக்கும். சார்ஜ் போடும் வகை பதினைந்து ஆண்டு அளவுக்கு வரும். ஆனால் தவறாமல் சார்ஜ் போட வீட்டில் ஒருவர் வேண்டும். அடுத்த பேட்டரிக்கான செலவைக் காப்பீடு ஏற்குமா என்பதை இன்றே எழுத்தில் வாங்கி வையுங்கள்.

கேள்வி: எங்கள் மகளுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் வைத்தார்கள். நன்றாகக் கேட்கிறாள், பள்ளிக்கும் போகிறாள். மழைக்காலத்தில் மட்டும் மிஷின் அடிக்கடி நின்றுவிடுகிறது. இதுவும் மூளைக்கருவிதானா?
– வாசகி, நாகலூர், ஏற்காடு வட்டம்

பதில்: மூளைக்குள் செல்வதில்லை, உட்காதில் நத்தைக்கூடு போன்ற பகுதியில் மின்முனை அமர்ந்து செவி நரம்பைத் தூண்டுகிறது. ஆனால் நரம்போடு பேசும் கருவிகளிலேயே உலகில் மிக அதிகமாகப் புழங்குவது இதுதான். இன்று மூளைக்கருவி செய்பவர்கள் பாடம் கற்பதும் இதிலிருந்துதான்.

நின்றுபோவதற்கு உங்கள் மலையின் ஈரக் காற்று காரணமாக இருக்கலாம். வெளியே மாட்டும் பகுதியில் ஒலிவாங்கியும் பேட்டரி முனைகளும் ஈரத்தில் கெடும். இரவு கழற்றியதும் மெல்லிய துணியால் துடைத்து, பேட்டரியை எடுத்துவிட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகள் உள்ள மூடிய டப்பாவில் வையுங்கள். மணிகள் நிறம் மாறியதும் புதிதாக மாற்ற வேண்டும். அடுப்புக்கு அருகிலோ வெயிலிலோ வைத்துக் காயவைக்க வேண்டாம். அதன் பிறகும் நின்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது, தலையில் காந்தத்தால் ஒட்டும் காயிலுக்குப் போகும் ஒயரை. உள்ளே இருப்பதைவிட வெளியே இருப்பவைதான் அடிக்கடி பழுதாகும், அவற்றுக்கான உத்தரவாதக் காலம் முடிந்த பிறகு செலவு உங்கள் தலையில் விழும். ஆகவே உத்தரவாதம் எந்த மாதத்தோடு முடிகிறது, முடிந்த பிறகு ஒயருக்கும் பிராசசருக்கும் அரசு உதவி உண்டா என்று, பொருத்திய மருத்துவமனையிலும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் இப்போதே கேளுங்கள்.

கருவியின் பெயரும் மாடல் எண்ணும் உள்ள அட்டையை மகளின் பள்ளிப் பையில் ஒரு நகலாகவும் வீட்டில் ஒன்றாகவும் வையுங்கள். உள்ளே காந்தம் இருப்பதால், பின்னாளில் அவளுக்கு எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தால் ஸ்கேன் சென்டரில் அந்த அட்டையைக் காட்டிவிட்டு, அவர்கள் மாடலைப் பார்த்து ஒப்புதல் சொன்ன பிறகே உள்ளே அனுப்புங்கள்.